குழியில் இருந்த சுவிட்ச்

பிப்ரவரி 3

அண்ணனுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டிருந்தால் இந்த வரி உங்களிடம் வந்து சேராது. கிழிக்கவில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் என் குரலைக் கேட்டால் வைத்துவிடுகிறீர்கள். நான்கு வருஷத்தில் ஒன்பது தடவை வைத்திருக்கிறீர்கள். கடிதம் என்றால் நடுவில் குறுக்கே பேச முடியாது. நம் இருவருக்கும் அதுவே பெரிய லாபம்.

செய்தி நல்லதில்லை. இரண்டு மாதமாக வலது காதில் ஓர் இரைச்சல், லிஃப்ட் மோட்டார் அறையின் கதவைத் திறந்து வைத்த மாதிரி. காது டாக்டரிடம் போனேன். எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார். காதில் கோளாறு இல்லை என்று வந்தது. ஆனால் படத்தை வேறொரு டாக்டரம்மாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு படத்தில் மூன்று இடங்களைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். ஒவ்வொன்றும் ஒரு பயறு அளவு இருக்கும்.

"இது புதுசு இல்ல, பழசு. உங்களுக்கு ஸ்ட்ரோக் வந்துட்டுப் போயிருக்கு. ஒண்ணு இல்ல, மூணு. உங்களுக்கே தெரியாம."

நான் சிரித்துவிட்டேன். ஸ்ட்ரோக் என்றால் நம் அப்பாவுக்கு வந்ததுதான் எனக்குத் தெரியும். சாப்பாட்டுத் தட்டின் மேல் சாய்ந்தார், வாய் ஒரு பக்கம் கோணியது, நான்காம் நாள் போய்விட்டார். தெரியாமல் வந்து போக அது என்ன பக்கத்து வீட்டுப் பூனையா என்று கேட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். நூற்று எழுபத்தாறு, கீழே நூற்று நான்கு. தலைவலி உண்டா, மயக்கம் உண்டா என்றார். எதுவுமே இல்லை என்றேன். அதுதான் இதில் மோசம் என்றார்.

அவர் சொன்னது எனக்குப் புரிந்த வரையில் இதுதான். பிரஷர் வருஷக்கணக்கில் ஏறியே இருந்தால் மூளைக்குள் இருக்கிற மெல்லிய ரத்தக்குழாய்கள் தடித்துப்போய், ஒரு நாள் ஏதாவது ஒன்று அடைத்துக்கொள்ளும். அது ஊட்டிய இடம் செத்துவிடும். இடம் சின்னது என்பதால் வாய் கோணாது, கை விழாது, யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடமாட்டார்கள். ஆனால் ஒன்று வந்தவனுக்கு இன்னொன்று வரும். அப்பாவுக்கு வந்த மாதிரி பெரியதும் வரலாம். சின்னதாகவே சேர்ந்து சேர்ந்து ஞாபகத்தைத் தின்றுவிடவும் செய்யலாம்.

பிறகு ஒன்று கேட்டார். என்றைக்காவது கை சொன்ன பேச்சைக் கேட்காமல் போனதுண்டா? இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். படிக்கட்டில்தான் இறங்கினேன், நான் இப்போது லிஃப்டில் ஏறுவதில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் உங்கள் தோள் உடைந்த நாள் ஞாபகம் வந்தது. அப்படியே படியில் உட்கார்ந்தேன்.

அந்த நாளை உங்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் என் பக்கத்தை நீங்கள் ஒரு தடவைகூட முழுசாகக் கேட்டதில்லை. நான் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்றேன், முதல் மாடியில். நீங்கள் கீழே குழிக்குள் இறங்கி, யாரும் விழுந்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டீர்கள். "நிறுத்து" என்றீர்கள். என் பக்கத்து ஸ்டாப் சுவிட்சை அழுத்திவிட்டு "நிறுத்திட்டேன்" என்று திருப்பிச் சொன்னேன். சொன்னேன், அது சத்தியம். அழுத்தினேன் என்பதும் என் வரையில் சத்தியமாகத்தான் இருந்தது. யாரோ கீழ்த்தளத்தில் பட்டனைத் தட்ட, கூண்டு கீழே இறங்க, நீங்கள் கத்திய பிறகுதான் என் கை சுவிட்ச் மேல் போனது. கூண்டு உங்கள் மேல் ஒரு முழ உயரத்தில் நின்றது. குழியில் உங்களுக்கென்று இருந்த சுவிட்சும் அன்று பார்த்துப் பழுதாகியிருந்ததால் அதுவும் காப்பாற்றவில்லை. ஒதுங்கப் பாய்ந்து சுவரில் மோதியதில் உங்கள் தோள்பட்டை உடைந்தது. என்னைக் குடித்துவிட்டு வந்தவன் என்றீர்கள். நான் குடித்திருக்கவில்லை.

அந்த நாள்தான் என்று எழுதித் தர முடியாது என்று டாக்டரம்மா கையை விரித்துவிட்டார். பழையது என்று மட்டும்தான் படம் சொல்லுமாம், தேதி சொல்லாதாம். அதனால் என்னை மன்னித்துவிடுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. அப்பாவுக்கு இருந்தது, எனக்கு இருக்கிறது. நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள். ஒரு தடவை பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

சின்னவன்

•

பிப்ரவரி 11

தம்பிக்கு,

கடிதம் வந்தது. உன் அண்ணிதான் முதலில் பிரித்துப் படித்து மூக்கைச் சிந்தினாள். பிறகு என்னிடம் கொடுத்தாள். நாலு வருஷம் கழித்துத் தலைக்குள்ளிருந்தே ஒரு சாட்சியைத் தோண்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாய். கெட்டிக்காரன்தான். அன்றைக்கு உன் வாயில் வாடை வந்தது என்று நான் சொன்னது சொன்னதுதான். ஸ்கேன் எடுத்தால் வாடை போய்விடாது.

உனக்கு உடம்பு சரியில்லை என்பதற்கு வருத்தப்படுகிறேன். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு. அதற்காக எனக்குப் பூச்சாண்டி காட்டாதே. முப்பது வருஷமாக மோட்டார் பார்க்கிறவன் நான். கெட்டுப்போகிற மோட்டார் சொல்லிவிட்டுத்தான் கெடும். சூடாகும், சத்தம் போடும், அதிரும். இந்த மூன்றும் இல்லாதவரை அதன்மேல் கை வைக்கக் கூடாது. என் உடம்பில் மூன்றும் இல்லை. கம்பெனி டாக்டர் மூன்று வருஷத்துக்கு முன்னால் பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிடரி வலித்தால் ஒன்று போட்டுக்கொள்கிறேன். ஒரு அட்டை நாலு மாதம் வருகிறது. இதைவிட என்ன வேண்டும்?

வேலைக்குக் குறைச்சல் இல்லை. போன வாரம் ஆஸ்பத்திரி லிஃப்ட் மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. உள்ளே ஒரே ஒரு ஆள், வக்கீல். கதவிடுக்கு வழியாக என்மேல் கேஸ் போடுவேன் என்று சத்தம் போடுகிறார். ஐயா, முதலில் கீழே இறங்குங்கள், பிறகு போடலாம் என்றேன். எட்டு நிமிஷத்தில் இறக்கினேன். வெளியே வந்ததும் கையைப் பிடித்துக் கும்பிட்டார்.

உன் இடத்துக்கு மச்சானைச் சேர்த்திருக்கிறேன், உன் அண்ணியின் தம்பியை. வாய் அதிகம், வேலை பரவாயில்லை. புதிதாகப் பதினாலு மாடிக் கட்டடம் ஒன்று, இரண்டு லிஃப்ட், மார்ச் பத்துக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். அங்கே எல்லாருக்கும் அவசரம். தோள் குளிர்காலத்தில் வலிக்கும், மற்றபடி கல் மாதிரி இருக்கிறேன். உன் அண்ணிதான் நான் கால் தேய்த்து நடக்கிறேன், எரிந்து விழுகிறேன் என்று புலம்புகிறாள். பெண்டாட்டி சொல்வதையெல்லாம் நோய் என்று எடுத்துக்கொண்டால் எந்த ஆம்பிளையும் வேலைக்குப் போக முடியாது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். போன வாரம் ஆஸ்பத்திரி லிஃப்ட் மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. உள்ளே ஒரு வக்கீல். கேஸ் போடுவேன் என்று சத்தம் போடுகிறார். ஐயா, முதலில் கீழே இறங்குங்கள், பிறகு போடலாம் என்றேன். எட்டே நிமிஷம்.

இனி எழுதினால் வேறு விஷயம் எழுது.

பெரியவன்

•

பிப்ரவரி 18

அண்ணனுக்கு,

வேறு விஷயம் எழுதச் சொன்னீர்கள். முடியவில்லை.

உங்கள் கடிதத்தில் வக்கீல் கதை முதல் பக்கத்திலும் இருக்கிறது, கடைசிப் பக்கத்திலும் இருக்கிறது. அதே வார்த்தை, அதே எட்டு நிமிஷம். முதலில் சிரித்தேன். என் வீட்டுக்காரியிடம் காட்டினேன், அவளும் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டாள். நீங்கள் ஒரு கதையைப் பத்து பேருக்குச் சொல்வீர்கள். ஒரே ஆளுக்கு, ஒரே உட்காரலில், இரண்டு தடவை சொல்கிற ஆள் நீங்கள் இல்லை.

கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அண்ணிக்குப் போன் போட்டேன். அவர் சொன்னதையெல்லாம் எழுதுகிறேன், ஒளிக்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறீர்களாம். வேலை முடிந்து வரும்போது இரண்டு தடவை, நாம் காலி செய்து ஆறு வருஷமான பழைய வீட்டுத் தெருவுக்குள் வண்டியைத் திருப்பியிருக்கிறீர்கள். ஒரு நாள் அந்த வீட்டுக் கதவைத் தட்டியும் விட்டீர்களாம். மச்சான்தான் இழுத்துக்கொண்டு வந்தாராம். இதெல்லாம் வயசு என்று அண்ணி நினைத்துக்கொண்டிருந்தார். உங்களுக்கு ஐம்பத்திரண்டுதான் அண்ணே.

போன வாரம் டாக்டரம்மாவிடம் உங்களைப் பற்றிக் கேட்டேன். பெயர் சொல்லவில்லை, ஒருத்தர் பிடரி வலித்தால் மட்டும் மாத்திரை போடுகிறார் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிரஷருக்கு வலியே கிடையாது, வலிக்காக அந்த மாத்திரையைக் கொடுப்பதுமில்லை, வலித்தாலும் வலிக்காவிட்டாலும் தினம் ஒரே நேரத்தில் போட வேண்டும் என்றார். நன்றாக இருக்கிறதே என்று நிறுத்துகிறவர்கள்தான் அவரிடம் ஸ்ட்ரெச்சரில் வருகிறார்களாம். உப்பைக் குறைக்க வேண்டும், தினம் அரை மணி நேரம் நடக்க வேண்டும், சர்க்கரையும் கொழுப்பும் பார்க்க வேண்டும். சிகரெட் ஒன்றுகூடக் கூடாது. நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை என்று எனக்குத் தெரியும், அண்ணிக்குச் சொல்கிற கணக்கும் தெரியும்.

மோட்டார் சொல்லிவிட்டுத்தான் கெடும் என்று எழுதியிருக்கிறீர்கள். கூண்டு வேகம் மிஞ்சினால் பிடித்து நிறுத்துகிற கவர்னரை வருஷா வருஷம் எதற்குச் சோதிக்கிறோம்? அது என்றைக்காவது சத்தம் போட்டு நம்மைக் கூப்பிட்டிருக்கிறதா? சும்மா இருக்கிறதென்று விட்டுவிட்ட லிஃப்ட்டில் உங்கள் பேரப்பிள்ளையை ஏற்றுவீர்களா?

பிரஷர் பார்க்கிற மிஷின் ஒன்று தனி பார்சலில் அனுப்பியிருக்கிறேன். டீயோ சிகரெட்டோ குடித்து அரை மணி ஆன பிறகு, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேஜைமேல் வைத்துப் பாருங்கள். காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை. பார்க்கிறவரை கூண்டின் மேல் ஏறாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

சின்னவன்

•

பிப்ரவரி 27

தம்பிக்கு,

என் பெண்டாட்டிக்குப் போன் போட்டு என்னை உளவு பார்க்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அந்தப் பழைய வீட்டு விஷயம் சும்மா ஞாபகப் பிசகு. அவளுக்கும் உனக்கும் கை கால் முளைத்த கதை வேண்டும்.

மிஷின் வந்தது. அன்றே பார்த்தேன். நூற்று எண்பத்தெட்டு, கீழே நூற்றுப் பன்னிரண்டு. மிஷின் கோளாறு என்றேன். எந்த மீட்டரையும் தெரிந்த இடத்தில் வைத்துப் பார்க்காமல் நம்பக் கூடாது அல்லவா? உன் அண்ணிக்கு வைத்தேன், நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு. மச்சானுக்கு நூற்று இருபத்தாறுக்கு எண்பது. பாட்டரியை மாற்றினேன். மற்றக் கையில் வைத்தேன். அவர்கள் இருவருக்கும் அதே எண் வருகிறது. எனக்கும் அதே எண்தான் வருகிறது. மீட்டர் சரியாக இருக்கிறது.

உன்னிடம்தான் சொல்கிறேன், அவளிடம் சொல்லாதே. அன்றிலிருந்து தினம் காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் வாய் நேராக இருக்கிறதா என்று பார்க்கிறேன். அப்பாவின் முகம் வருகிறது. அப்பாவும் கடைசி வருஷம் வீட்டுச் சாவியை நம்மிடமே கொடுத்துவிட்டு நம்மிடமே கேட்டுக்கொண்டிருந்தார், நாம் கேலி செய்தோம், ஞாபகம் இருக்கிறதா? அவருக்கும் பெரியது வருவதற்கு முன்னால் சின்னது சின்னதாக வந்துகொண்டிருந்ததோ என்னவோ. யாருக்குத் தெரியும்.

ஆனால் இப்போது டாக்டரிடம் போக முடியாது. போனால் கம்பெனியின் தகுதிச் சான்றிதழில் எழுதிவிடுவார்கள், கூண்டின் மேல் ஏறவிடமாட்டார்கள். பதினாலு மாடியை முடித்துவிட்டுப் போகிறேன். இன்னும் பத்து நாள். இத்தனை வருஷம் தாங்கியது பத்து நாள் தாங்காதா? விட்டுப்போன மாத்திரைக்கும் சேர்த்துத் தினம் மூன்று போடுகிறேன். சீக்கிரம் இறங்கிவிடும்.

கிளம்பி வராதே. உன்னைப் பார்த்தால் என் பிரஷர் இன்னும் ஏறும்.

பெரியவன்

•

மார்ச் 2

அண்ணே,

மூன்று மாத்திரை போடாதீர்கள். முதல் வேலையாக அதை நிறுத்தி, எழுதிக் கொடுத்தபடி ஒன்றுக்கு வாருங்கள். விட்டுப்போனதை மொத்தமாக ஈடுகட்ட முடியாதாம். ஒரேயடியாக இறங்கினால் தலை சுற்றி விழுவீர்கள் என்கிறார் டாக்டரம்மா. கூண்டின் கூரையில் நின்று தலை சுற்றினால் எங்கே விழுவீர்கள்?

மறந்துபோனால் தெரிந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். அது தெரியாது. நான் சொல்கிறேன் கேளுங்கள். அன்றைக்கு நான் மறக்கவில்லை. சுவிட்சை அழுத்தியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இன்று வரை இருக்கிறது. அதன் தலை விரலில் ஜில்லென்று பட்டது ஞாபகம் இருக்கிறது, 'டக்' என்று உள்ளே போனது ஞாபகம் இருக்கிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை. கை நகரவேயில்லை. நான்கு வருஷமாக என்னைத் தூங்கவிடாமல் அடிப்பது இதுதான். என் ஞாபகம் எனக்கே பொய் சொன்னது, அதை நம்பித்தான் "நிறுத்திட்டேன்" என்றேன். உங்களுக்கும் அப்படித்தான் வரும். அழுத்தினேன் என்று சத்தியம் பண்ணுவீர்கள். குழிக்குள் மச்சான் இருப்பார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

அதனால் மச்சானோடு பேசிவிட்டேன். அண்ணன் வாயால் சொல்வதை நம்பி இறங்காதீர்கள், மேலே ஏறி உங்கள் கண்ணால் சுவிட்சைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவர் எதற்கு என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அதற்காக என் முகத்தில் முழிக்காமல் இருங்கள், பழகிப்போனதுதான்.

இன்னொன்று. திடீரென்று வாய் இழுத்தாலோ, ஒரு கை தூக்க வராமல் தொங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, படுத்து எழுந்தால் சரியாகும் என்று படுக்கக் கூடாது. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிட்டாலும் ஆஸ்பத்திரிதான். அண்ணியிடமும் சொல்லிவிட்டேன்.

சான்றிதழில் எழுதினால் எழுதட்டும். தரையில் நின்று செய்கிற வேலை ஆயிரம் இருக்கிறது. நான் இங்கே அலுவலகக் கட்டடத்தில் குழாயும் பம்பும் பார்த்துப் பிழைக்கவில்லையா?

சின்னவன்

•

மார்ச் 14

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் உன் அண்ணியிடம் கொடுப்பேன். சொன்னதையே சொல்லியிருந்தால் அவள் அடித்துவிடுவாள். அந்த நிலைமைக்கு வந்தாகிவிட்டது.

ஆறாம் தேதி காலை. இரண்டாவது லிஃப்ட். நான் கூண்டின் மேல், மச்சான் கீழே. அவன் "நிறுத்து" என்றான். நான் "நிறுத்திட்டேன்" என்றேன். அவன் குழியில் இறங்கவில்லை. படியேறி மேலே வந்தான், டார்ச்சை அடித்தான். என்னைத் தாண்டிக் கையை நீட்டி அவனே சுவிட்சை அழுத்தினான். 'டக்' என்றது.

நான் அவனோடு சண்டை போட்டேன். ஏற்கெனவே அழுத்தியதை எதற்குடா மறுபடி அழுத்துகிறாய் என்று கத்தினேன். அவன் அழுதுவிட்டான். "மாமா, உங்க கை பெல்ட்டைப் பிடிச்சிட்டு இருக்கு. பாருங்க" என்றான். பார்த்தேன். வலது கை இடுப்பு பெல்ட்டைப் பிடித்திருந்தது. ஆனால் விரலில் அந்த ஜில்லிப்பு இருந்தது தம்பி. நீ எழுதியிருந்தாயே, அதே ஜில்லிப்பு. என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. கூண்டு இறங்கி வந்த அன்றைக்குக்கூடப் பயப்படவில்லை. அன்று வெளியே இருந்து வந்த ஆபத்து. இது உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

மச்சான் என்னைப் பிடித்து இறக்கினான். நேராக ஆஸ்பத்திரி. ஸ்கேன். எனக்கு ஐந்து. உன்னைவிட இரண்டு கூட, மூத்தவன் அல்லவா. எல்லாம் பழையது, எது எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். செத்த இடம் செத்ததுதான், திரும்ப வராது. இனி வராமல் தடுப்பதுதான் வேலை, பிரஷர் நூற்று முப்பதுக்குக் கீழே வந்தே ஆக வேண்டும் என்றார்கள். இரண்டு வகை மாத்திரை. சிகரெட்டை அங்கேயே குப்பையில் போடவைத்தார்கள். கம்பெனிக்கு நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். மோட்டார் அறைச் சாவி இப்போது மச்சானிடம்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை.

அன்றைக்குக் குழியில் இருந்த சுவிட்ச் பழுது என்று சொன்னேன் அல்லவா? தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு மூன்றாம் நாள் நானே போய் அதைக் கழற்றி வந்தேன். புதுசு மாட்டினேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். பழையதை வீட்டில் மேஜைமேல் வைத்து மீட்டர் போட்டுப் பார்த்தேன். ஒரு தடவை அல்ல, நூறு தடவை அழுத்தினேன். நூறு தடவையும் வேலை செய்தது. அதில் எந்தக் கோளாறும் இல்லை தம்பி. நான் அதை அழுத்தியிருந்தால், நீ மேலே என்ன செய்திருந்தாலும், கூண்டு அசைந்திருக்காது. நான் அழுத்தவில்லை. அழுத்தினேன் என்றுதான் எனக்கும் ஞாபகம்.

அன்றே உனக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் இது வந்ததா, இல்லை இரண்டு பேருமே கவனமில்லாமல் இருந்தோமா, தெரியாது. ஆனால் சுவிட்ச் நன்றாக இருந்தது என்பது எனக்கு மூன்றாம் நாளே தெரியும். முப்பது வருஷம் வேலை பார்த்தவன் குழிச் சுவிட்சை அழுத்தவில்லை என்று நாலு பேர் பேசுவார்கள் என்ற வெட்கத்தில் பழி முழுவதையும் உன் தலையில் கட்டினேன். உன் வாயில் வாடை எதுவும் வரவில்லை. அதுவும் நான் கட்டிச் சொன்னதுதான்.

உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. தினம் மாத்திரை போட்டேனா என்று மூன்று தடவை உன் அண்ணியைக் கேட்கிறேன். போட்டதாகத்தான் ஞாபகம் இருக்கும், ஆனால் அந்த ஞாபகத்தை இனி எப்படி நம்புவது?

பெரியவன்

•

மார்ச் 21

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை பம்பு அறையில் வைத்துப் படித்தேன். அங்கே நான்கு பம்பும் ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் எதுவும் கேட்காது. உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்பா இருந்திருந்தால் என்னை அறைந்திருப்பார். நான்கு வருஷம் அண்ணே. குடிகாரன் என்ற பேச்சு என் சம்பந்தி வீடு வரை போனது. என் மகள் கல்யாணத்தில் பெரியப்பா நிற்க வேண்டிய இடத்தில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. அத்தனை நாளும் உங்கள் வீட்டில் அந்த சுவிட்ச் நன்றாக வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

சுவிட்சை அழுத்தாமல் விட்டதற்கு உங்கள் மூளையில் ஒரு புள்ளியைக் காட்டலாம், எனக்கும் காட்டலாம். பொய் சொன்னதற்கு எந்த ஸ்கேனிலும் புள்ளி கிடையாது. அதை நீங்கள் முழு நினைவோடு செய்தீர்கள்.

திட்டி முடித்தபோது காது இரைந்தது. உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் நூற்று அறுபத்தொன்று. என் மாத்திரை நேரம் அது. போட்டுக்கொண்டேன். பிறகு கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை, பயம் மட்டும் உட்கார்ந்திருந்தது. எனக்கு மூன்று என்றபோது வராத பயம் உங்களுக்கு ஐந்து என்றதும் வந்துவிட்டது. ஐந்து என்று எழுதிவிட்டுக் கூடவே ஒரு ஜோக்கும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு வெகுநேரம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வராதே என்று எழுத உங்களுக்கு நேரமில்லை, உங்கள் பதில் இங்கே வந்து சேருவதற்குள் நான் அங்கே வந்திருப்பேன். மாத்திரைக்கு ஏழு அறை உள்ள பெட்டி கொண்டு வருகிறேன். திங்கள் அறை காலியாக இருந்தால் திங்கள் போட்டாயிற்று. ஞாபகத்தைக் கேட்க வேண்டாம், பெட்டியைப் பார்த்தால் போதும். அண்ணியிடம் மேஜையில் இரண்டு பேருக்கு இடம் விடச் சொல்லுங்கள். காலையும் மாலையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்போம். மச்சான் அதை ஒரு தாளில் எழுதி வைக்கட்டும்.

ஒரு வாரம் இருப்பேன். அந்த ஒரு வாரமும் பழைய விஷயத்தை எடுக்கமாட்டேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள், மன்னிக்கவில்லை. உங்களோடு நான் போட வேண்டிய சண்டை நான்கு வருஷத்துக்கு இருக்கிறது. ஆனால் நூற்று எண்பத்தெட்டில் இருக்கிற மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது? நடுவில் நீங்கள் நெஞ்சைப் பிடித்தால், தலையைப் பிடித்தால், நான் என்ன செய்வேன்?

மூன்று மாதம் நூற்று முப்பதுக்குக் கீழே நில்லுங்கள். நின்று காட்டிய பிறகு நான் மறுபடி வருவேன். அண்ணியை மச்சான் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, தொண்டை வறளும்வரை சண்டை போடுவேன். நீங்களும் போடுங்கள். அதற்கு முன்னால் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

பயமாக இருக்கிறது அண்ணே. மாத்திரையைப் போடுங்கள்.

சின்னவன்